பஃபலோவின் பதினேழு ஆட்டங்கள்

2025 செப்டம்பர் 7-ஆம் தேதி தன் முதல் ஆட்டத்தை ஆடவிருந்த பஃபலோ பில்ஸ் அணிக்கு அந்த ஆண்டுப் பாதை எப்படி அமைந்திருந்தது? அட்டவணையை வைத்துக்கொண்டு அந்நகரத்து அபிமானிகள் போட்ட கணக்கைப் பற்றி, பருவம் தொடங்குமுன் எழுதப்பட்ட சிறப்புக் கட்டுரை.

ஈரி ஏரி முடிந்து நயாகரா நதி தொடங்கும் முனையில் அமைந்துள்ள பஃபலோ நகரத்தில், ஆண்டுதோறும் மே மாதத்தின் நடுவில் ஒரு நாள் மாலை, நெடும் பனிக்காலம் விடைபெற்று மரங்களெல்லாம் துளிர்த்துவிட்ட அந்த நல்ல பருவத்திலும், ஜனங்கள் வெளியே உலாவப் போவதை ஒத்திவைத்துவிட்டு ஓர் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக்காகிய என்.எஃப்.எல்., தன் முப்பத்திரண்டு அணிகளும் செப்டம்பர் முதல் ஜனவரி வரையில் எந்த நாளில், எந்த ஊரில், யாரை எதிர்த்து ஆடவேண்டும் என்பதை வெளியிடும் நாள் அது. 2025-இல் மே 14-ஆம் தேதி அந்த அட்டவணை வந்தது. வந்த மாத்திரத்தில், பஃபலோ பில்ஸ் அணியின் அபிமானிகள் பதினேழு ஆட்டங்களுக்கும் எதிரே வெற்றி என்றும் தோல்வி என்றும் குறித்து, கூட்டி, அழித்து, மறுபடியும் கூட்டி, இதுவரையில் ஒரு முறைகூடத் தங்கள் அணியின் கைக்கு எட்டாத, லீக்கின் இறுதிப் போட்டியாகிய சூப்பர் பௌலின் கோப்பை இந்தத் தடவையாவது எட்டுமா என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சித்திரை முதல் நாளில் புதுப் பஞ்சாங்கத்தைப் படிக்கச் செய்து, வருஷத்தின் ஆதாயமும் விரயமும் மழையும் விளைச்சலும் எப்படியென்று கேட்கிற நம்முடைய வழக்கத்துக்கு அந்த மாலைப்பொழுது வெகு அருகில் இருக்கிறது.

இந்த ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து 'டச்டவுன்' அடைவதும், இரு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து மூன்று புள்ளி பெறுவதும் இதன் முறை. உடலோடு உடல் மோதுகிற ஆட்டமாகையால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆடுவது அரிது. ஆதலால் ஒரு பருவம் முழுவதற்கும் பதினேழே ஆட்டங்கள். கிரிக்கெட்டிலும் சாக்கரிலும் ஒரு தோல்வியை அடுத்த வெற்றிகளில் கரைத்துவிடலாம். இங்கே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதினேழில் ஒரு பங்கு என்னும் பாரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அட்டவணையின்மீது இவ்வளவு கவனம் விழுவதற்கு இதுவே முதற் காரணம்.

அட்டவணையை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அதில் மூன்று கைகளின் வேலையைப் பிரித்தறிகிறார்கள். ஒரு பகுதி, பல ஆண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்ட விதிமுறையால் வந்தது. இன்னொரு பகுதி, சென்ற ஆண்டில் தங்கள் அணி தானே தேடிக்கொண்டது. மூன்றாவது, தேதிகளை அடுக்கும் மனிதர்களின் யுக்தியால் அமைந்தது. இம்மூன்றுக்கும் வெளியே, யாருடைய கையிலும் இல்லாத ஒரு பகுதியும் உண்டு. அந்த நான்காவது பகுதியைப் பற்றிப் பஃபலோ மக்கள் அறிந்த அளவுக்கு அமெரிக்காவில் வேறெந்த நகரத்தாரும் அறிந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிராளிகளை நியமிப்பது யார்?

முப்பத்திரண்டு அணிகளும் அமெரிக்கன், நேஷனல் என்னும் இரண்டு பெருங்குழுக்களாகவும், ஒவ்வொரு பெருங்குழுவும் நந்நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டிருக்கின்றன. பஃபலோ இருப்பது அமெரிக்கன் கிழக்குப் பிரிவில். அதன் சகபாடிகள் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், மயாமி டால்ஃபின்ஸ், நியூயார்க் ஜெட்ஸ் ஆகியோர். இம்மூவரோடும் இரண்டிரண்டு தடவை ஆடவேண்டுமாகையால் ஆறு ஆட்டங்கள் எந்த ஆண்டும் மாறுவதில்லை. தன் பெருங்குழுவைச் சேர்ந்த வேறொரு பிரிவின் நான்கு அணிகளோடு மூன்றாண்டுச் சுற்றிலும், மற்றப் பெருங்குழுவின் ஒரு பிரிவைச் சேர்ந்த நான்கு அணிகளோடு நான்காண்டுச் சுற்றிலும் ஆடவேண்டும் என்பது அடுத்த விதி. இந்தச் சுற்றின்படி 2025-இல் பால்டிமோர், சின்சினாட்டி, பிட்ஸ்பர்க், கிளீவ்லண்ட் அணிகளும், நேஷனல் தெற்குப் பிரிவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ், டாம்பா பே, அட்லாண்டா, கரோலினா அணிகளும் பஃபலோவின் பங்குக்கு வந்திருக்கின்றன. ஆகப் பதினான்கு ஆட்டங்கள், யாருடைய வெற்றி தோல்வியையும் பாராமல், முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டன.

மிச்சமுள்ள மூன்று ஆட்டங்களில்தான் இந்த லீக்கின் தர்மம் வெளிப்படுகிறது. சென்ற ஆண்டில் தன் பிரிவில் எந்த இடத்தைப் பெற்றதோ, அதே இடத்தைப் பிற பிரிவுகளில் பெற்ற மூன்று அணிகளை ஓர் அணி எதிர்கொள்ள வேண்டும்; 2021-ஆம் ஆண்டில் பருவம் பதினாறு ஆட்டங்களிலிருந்து பதினேழாக நீட்டப்பட்டபோது மூன்றாவதாகச் சேர்ந்தது மற்றப் பெருங்குழுவைச் சேர்ந்த ஓர் அணி. பஃபலோ 2024-இல் பதின்மூன்று வெற்றி, நான்கு தோல்வியோடு பிரிவில் முதலிடம் பெற்றது. அதன் பலனாக அதற்கு நியமிக்கப்பட்ட மூவர், தத்தம் பிரிவில் முதலிடம் பெற்ற கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ், ஹூஸ்டன் டெக்சன்ஸ், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி நடந்த சூப்பர் பௌலில் மோதிய இரு அணிகளும், அதாவது 40-22 என்று வென்ற ஃபிலடெல்ஃபியாவும் தோற்ற கான்சாஸ் சிட்டியும், ஒருங்கே பஃபலோவின் அட்டவணையில் இடம்பெற்றிருக்கின்றன. கடைசியில் நின்றவனுக்கு இளைய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமையும், முதலில் நின்றவனுக்குக் கடினமான பாதையும் வழங்குவது இந்த லீக்கின் கொள்கை.

இதை நான் மிகவும் உயர்ந்த ஏற்பாடு என்று கருதுகிறேன். 1961-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய ஒரு சட்டத்தின் துணையோடு, பீட் ரோஸெல் என்னும் ஆணையர் தொலைக்காட்சி வருமானத்தை எல்லா அணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளச் செய்தார்; 1994 முதல் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு மொத்த வரம்பும் விதிக்கப்பட்டது. நியூயார்க்கைப் போன்ற பெருநகரத்தின் செல்வம் பஃபலோவைப் போன்ற சிறு நகரத்தை விழுங்கிவிடாமல் காத்தவை இந்த ஏற்பாடுகளே. மே மாதத்தில் முப்பத்திரண்டு ஊர்களிலும் ஜனங்கள் கணக்குப் போடுகிறார்கள் என்றால், அந்த முப்பத்திரண்டு கணக்குகளிலும் ஓரளவு நியாயம் இருப்பதற்குக் காரணம் இத்தகைய சமத்துவத்தை நாடிய விதிகள்தாம்.

தேதிகளின் சூட்சுமம்

எதிராளிகள் ஜனவரியிலேயே தெரிந்துவிடுகிறார்கள். மே மாதத்தில் தெரிவது நாளும் வரிசையும்தான். ஒரு காலத்தில் வால் பின்ச்பெக் என்னும் லீக் அதிகாரி சுவரிலே பலகையை மாட்டி, அணிகளின் பெயர்ச் சீட்டுகளைக் கையாலேயே மாற்றி மாற்றித் தொங்கவிட்டு முழு அட்டவணையையும் அமைத்தார். இன்று கணிப்பொறிகள் ஆயிரக்கணக்கான மாதிரிகளைத் தயாரித்துக் கொடுக்க, மைதானங்களில் நடக்கவிருக்கும் சங்கீதக் கச்சேரிகள், தொலைக்காட்சி நிறுவனங்களின் விருப்பம், பிரயாண தூரம் ஆகியவற்றையெல்லாம் சீர்தூக்கிச் சில அதிகாரிகள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தத் தேர்விலேதான் ஓர் அணிக்கு அநுகூலமும் பிரதிகூலமும் ஒளிந்திருக்கின்றன.

பஃபலோவுக்கு 2025-இல் ஒன்பது ஆட்டங்கள் சொந்த மைதானத்தில், எட்டு ஆட்டங்கள் வெளியூரில். முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கு சொந்த மண்ணில் வருகின்றன: செப்டம்பர் 7-இல் பால்டிமோர், 18-இல் மயாமி, 28-இல் நியூ ஆர்லியன்ஸ், அக்டோபர் 5-இல் நியூ இங்கிலாந்து, இடையில் செப்டம்பர் 14-இல் மட்டும் ஜெட்ஸ் அணியைத் தேடிப் போகவேண்டும். அக்டோபர் 13-ஆம் தேதி திங்கட்கிழமை இரவு அட்லாண்டாவில் ஆடியபின் ஓய்வு வாரம். அதன்பின் 26-இல் கரோலினாவுக்குப் பிரயாணம். நவம்பர் 2-இல் கான்சாஸ் சிட்டி பஃபலோவுக்கு வருகிறது. இதுவரையில் பாதை இதமானது. அபிமானிகளின் பென்சில் இந்த எட்டு ஆட்டங்களில் ஆறு வெற்றியை எளிதாகக் குறித்துவிடுகிறது. சிலர் ஏழும் குறிக்கிறார்கள்.

ஏற்றம் அதற்கப்பால் தொடங்குகிறது. நவம்பர் 9 முதல் டிசம்பர் 21 வரையுள்ள ஏழு ஆட்டங்களில் ஐந்து வெளியூரில்: மயாமி, ஹூஸ்டன், பிட்ஸ்பர்க், நியூ இங்கிலாந்து, கிளீவ்லண்ட். அவற்றிலும் ஹூஸ்டன் ஆட்டம் மிகப் பொல்லாதது. நவம்பர் 16 ஞாயிறன்று டாம்பா பே அணியோடு சொந்த ஊரில் மோதிவிட்டு, நொந்த தசைகள் ஆறுவதற்கு முன்பே, நான்கே நாள் இடைவெளியில் வியாழக்கிழமை இரவு டெக்சாஸில் நின்றாக வேண்டும். செப்டம்பரிலும் இத்தகைய ஒரு குறுவாரம் உண்டென்றாலும் அது சொந்த மைதானத்தில் வருகிறது. ஓய்வு வாரம் ஏழாவது வாரத்திலேயே வந்துவிடுவதால், அதற்குப் பிறகு பதினோரு ஆட்டங்களை இடைவிடாமல் ஆடவேண்டும். பருவத்தின் பிற்பகுதியில் காயமும் களைப்பும் சேர்ந்து அழுத்தும்போது இந்த நீளம் உணரப்படும். டிசம்பர் 28-இல் நடப்புச் சாம்பியனாகிய ஃபிலடெல்ஃபியா வருகிறது. கடைசி வாரத்தில் ஜெட்ஸ். பிரிவுக்குள்ளேயே இறுதி வார ஆட்டங்களை வைப்பது 2010 முதல் லீக் கையாளும் வழக்கம்; முடிவு தெரியாத போட்டிகளைக் கடைசிவரையில் உயிரோடு வைத்திருக்கும் நோக்கம் கொண்டது அது.

அட்டவணையின் கடினத்தை அளக்க, எதிராளிகள் சென்ற ஆண்டில் பெற்ற வெற்றிகளைக் கூட்டிப் பார்ப்பது பலருடைய வழக்கம். இந்தக் கூட்டல் சுலபமானது. ஆனால் அதை நம்பிப் பென்சிலை ஓட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். சென்ற ஆண்டின் அணி இந்த ஆண்டில் இல்லை. 2024 ஏப்ரலில் பஃபலோ தன் தலைசிறந்த பந்து வாங்குவோனாகிய ஸ்டீஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டபோது, இந்த அணி இனித் தாழ்ந்துவிடும் என்று எழுதாத விமரிசகர் அரிது. அந்த ஆண்டிலேதான் பதின்மூன்று வெற்றிகள் வந்தன. பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காகிய ஜாஷ் ஆலன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார். அதே நியாயத்தை எதிராளிகளுக்கும் வழங்கவேண்டும். நியூ இங்கிலாந்து 2024-இல் நான்கே ஆட்டங்களில் வென்றதென்று அதற்கெதிரே இரண்டு வெற்றிகளை யோசிக்காமல் குறித்துவிடுகிறார்கள். அந்த அணிக்கு 2025-இல் மைக் வ்ரேபல் தலைமைப் பயிற்சியாளராக வந்திருக்கிறார். டிரேக் மே என்னும் இளம் குவார்ட்டர்பேக் இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறார். டிசம்பர் 14-இல் அங்கே போய் ஆடும் ஆட்டத்தை நான் நிச்சயமான வெற்றியாக எண்ணமாட்டேன்.

கான்சாஸ் சிட்டி என்னும் வாயில்

பருவத்தின் முடிவில் ஒவ்வொரு பெருங்குழுவிலிருந்தும் ஏழு அணிகள் ப்ளே-ஆஃப் சுற்றுக்குப் போகின்றன: பிரிவுகளில் முதலிடம் பெற்ற நான்கு, அவற்றுக்கு அடுத்தபடி நல்ல கணக்குடைய மூன்று. 2020-இல் இந்த எண்ணிக்கை ஆறிலிருந்து ஏழாக உயர்ந்தபோது ஒரு முக்கியமான மாறுதலும் கூடவே வந்தது. முன்பெல்லாம் முதலிரண்டு அணிகளுக்கு முதற்சுற்றில் ஓய்வு கிடைத்தது. இப்போது முதலிடம் பெற்ற ஒன்றுக்கு மட்டுமே அந்தச் சலுகை. அந்த அணிக்கு ஓர் ஆட்டம் குறைவு. சூப்பர் பௌல் வரையில் எல்லா ஆட்டங்களும் சொந்த மைதானத்தில். இரண்டாம் இடம் என்பது கௌரவம். முதலிடம் என்பது ஒரு வாரத்து ஓய்வும் ஒரு பிரயாணத்தின் மிச்சமும். ஆகவே, 'ப்ளே-ஆஃபுக்குப் போவோமா' என்பது இன்று பஃபலோவின் கேள்வி அன்று. 2020 முதல் 2024 வரையில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பிரிவை வென்றவர்கள் கேட்கவேண்டிய கேள்வி, 'முதலிடத்தோடு போவோமா' என்பதே.

இதன் உண்மையை அவர்கள் கண்ணீரால் அறிந்திருக்கிறார்கள். 2021 முதல் 2024 வரையில் வழக்கமான பருவத்தில் நான்கு முறை கான்சாஸ் சிட்டியோடு மோதி, நான்கிலும் பஃபலோ வென்றது. அட்டவணையை மட்டும் பார்க்கிறவன் யார் வல்லவன் என்று சந்தேகமின்றிச் சொல்லிவிடுவான். ஆனால் ஜனவரி மாதத்து ப்ளே-ஆஃப் ஆட்டங்களில், 2021, 2022, 2024, 2025 என்று நான்கு முறை மோதி, நான்கிலும் பஃபலோ தோற்றது. 2022 ஜனவரி 23-ஆம் தேதி பதின்மூன்றே வினாடிகள் மிச்சமிருக்க 36-33 என்று முன்னணியில் நின்ற பஃபலோ, அந்தப் பதின்மூன்று வினாடிகளில் எதிரணி புள்ளிகளைச் சமப்படுத்திவிட்டதைக் கண்டது. கூடுதல் நேரத்துக்கு நாணயம் சுண்டப்பட்டபோது அதுவும் எதிரணியின் பக்கம் விழுந்தது. அவர்கள் முதல் முயற்சியிலேயே டச்டவுன் அடித்துவிட, ஜாஷ் ஆலன் பந்தைத் தொடாமலே ஆட்டம் 42-36 என்று முடிந்தது. அந்த அநீதி நாடெங்கும் உறுத்தியதால், இரு அணிகளுக்கும் கூடுதல் நேரத்தில் ஒரு முறையாவது பந்து கிடைக்கவேண்டும் என்று ப்ளே-ஆஃப் விதி அதே ஆண்டு மார்ச்சில் திருத்தப்பட்டது. 2025 முதல் அது வழக்கமான பருவ ஆட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஒரு நகரத்தின் துக்கம் எல்லோருக்கும் பொதுவான சட்டமாயிற்று.

அந்த நான்கு தோல்விகளில் மூன்று கான்சாஸ் சிட்டியின் மைதானத்தில் நேர்ந்தவை. 2025 ஜனவரி 26-இல் 32-29 என்று தோற்றதும் அங்கேதான். ஏனெனில் பதினைந்து வெற்றி பெற்ற அவர்களுக்கு முதலிடம், பதின்மூன்று பெற்ற பஃபலோவுக்கு இரண்டாமிடம். இரண்டு வெற்றிகளின் வித்தியாசம் ஒரு பிரயாணமாக மாறிற்று. மூன்று புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தில் அந்தப் பிரயாணத்தின் விலை என்னவென்று யாரால் அளக்க முடியும்? இதனாலேயே நவம்பர் 2-ஆம் தேதியை அபிமானிகள் சிவப்புக் கோட்டால் வளைத்திருக்கிறார்கள். அன்றைய வெற்றி பழி தீர்ப்பதாகாது. ஜனவரியில் கான்சாஸ் சிட்டி தங்கள் ஊருக்கு வரும்படி செய்வதற்கு அது ஒரு படி.

தோல்வியைத் தாங்கிக் காட்டிய நகரம்

இவ்வளவு அடி வாங்கியும் எப்படி மறுபடியும் கணக்குப் போடுகிறார்கள் என்று வியப்பவர்கள் இந்த நகரத்தின் சரித்திரத்தைச் சிறிது திரும்பிப் பார்க்கவேண்டும். 1991 ஜனவரி 27-இல் பஃபலோ தன் முதல் சூப்பர் பௌலை ஆடியது. நியூயார்க் ஜயண்ட்ஸ் 20-19 என்று முன்னணியில் நிற்க, ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்காட் நார்வுட் நாற்பத்தேழு கஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்புறமாகப் போய்விட்டது. மறுநாள் நயாகரா சதுக்கத்தில் திரண்ட ஏறக்குறைய முப்பதாயிரம் ஜனங்கள், தோற்ற அணியை வரவேற்றதோடு நில்லாமல், நார்வுட்டின் பெயரைச் சொல்லி, அவரே முன்வந்து பேசவேண்டும் என்று அன்போடு கோஷமிட்டார்கள். தவறவிட்டவனை ஓர் ஊரே எழுந்து நின்று அணைத்துக்கொண்ட அந்த நாளை விளையாட்டுச் சரித்திரத்தில் நான் மிக உயர்ந்த இடத்தில் வைக்கிறேன். அடுத்த மூன்று ஆண்டுகளிலும் அதே அணி சூப்பர் பௌலுக்குப் போயிற்று. வேறெந்த அணியும் தொடர்ந்து நான்கு முறை போனதில்லை. நான்கிலும் தோல்வி. இடையில் 1993 ஜனவரி 3-இல் ஹூஸ்டன் ஆயிலர்ஸுக்கு எதிராக 35-3 என்று பின்தங்கி, ஃப்ராங்க் ரைக் என்னும் மாற்றுக் குவார்ட்டர்பேக்கின் தலைமையில் 41-38 என்று வென்ற அற்புதமும் நிகழ்ந்தது.

பிறகு வந்தது வறட்சி. 2000-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து பதினேழு பருவங்கள் ப்ளே-ஆஃப் வாசலையே இந்த அணி மிதிக்கவில்லை. டாம் பிரேடி என்னும் மாவீரர் நியூ இங்கிலாந்தில் இருந்த காலமெல்லாம், ஆண்டுக்கு இரண்டு ஆட்டங்கள் ஏறக்குறைய முன்கூட்டியே இழக்கப்பட்டன. அவர் பஃபலோவோடு ஆடிய முப்பத்தாறு ஆட்டங்களில் முப்பத்து மூன்றில் வென்றார். 2017 டிசம்பர் 31-ஆம் தேதி, பருவத்தின் கடைசி நாளில், பஃபலோ மயாமியில் தன் ஆட்டத்தை வென்றுவிட்டது. ஆனால் அது போதாது. பால்டிமோர் சின்சினாட்டியிடம் தோற்றாக வேண்டும். நாற்பத்து நான்கு வினாடிகள் மிச்சமிருக்க, நான்காவதும் கடைசியுமான முயற்சியில், சின்சினாட்டியின் ஆண்டி டால்டன் எறிந்த பந்தை டைலர் பாய்ட் வாங்கிக்கொண்டு நாற்பத்தொன்பது கஜ தூர டச்டவுனாக ஆக்கினார். மயாமியின் உடைமாற்று அறையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பஃபலோ வீரர்கள் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அபிமானிகளோ, வறட்சியின் பதினேழு ஆண்டுகளைக் குறிக்கும்படி பதினேழு டாலர் வீதம், நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் டால்டனின் அறநிலையத்துக்கு அனுப்பத் தொடங்கி, மூன்று லட்சம் டாலருக்கும் மேல் சேர்த்துவிட்டார்கள்.

2025 ஜனவரியில் இந்தப் பண்பு இன்னும் ஒருபடி உயர்ந்தது. பால்டிமோரின் மார்க் ஆண்ட்ரூஸ் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டதால் பஃபலோ 27-25 என்று வென்றது. தன் ஊராரின் ஏச்சுக்கு ஆளாகியிருந்த அந்த எதிரணி ஆட்டக்காரருக்கு ஆறுதலாக, அவர் தாமே அவதிப்படும் நீரிழிவு நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பஃபலோ அபிமானிகள் லட்சம் டாலருக்கும் மேல் நன்கொடை அளித்தார்கள். நார்வுட்டை மன்னித்த ஊருக்கு ஆண்ட்ரூஸின் வேதனை அந்நியமாயிருக்கவில்லை. அதே பால்டிமோர்தான் 2025 செப்டம்பர் 7-இல் முதல் எதிராளியாக வருகிறது.

அட்டவணையில் எழுதப்படாதவை

ஏரியிலிருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்த நிலத்தின்மீது பனியாகக் கொட்டும் பிரதேசம் இது. 2014 நவம்பரில் கொட்டிய பனியால் ஜெட்ஸ் அணியுடனான ஆட்டம் டெட்ராய்டுக்கு மாற்றப்பட்டது. 2022 நவம்பரில் கிளீவ்லண்ட் ஆட்டத்துக்கும் அதே கதி. 2024 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கோடு நடக்கவேண்டிய ப்ளே-ஆஃப் ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போக, மணிக்கு இருபது டாலர் கூலிக்கு அபிமானிகளே மண்வெட்டியோடு வந்து மைதானத்தின் பனியை அள்ளினார்கள். மிச்சமிருந்த பனிக்குவியலின் நடுவே உட்கார்ந்து 31-17 என்னும் வெற்றியைக் கண்டார்கள்.

பனியைவிடப் பெரிய பாடமும் ஒன்று உண்டு. 2023 ஜனவரி 2-ஆம் தேதி இரவு, சின்சினாட்டியில், முதலிடத்தைத் தீர்மானிக்கக்கூடிய ஆட்டத்தின் முதற் பகுதியில், இருபத்துநான்கு வயதுள்ள டாமர் ஹாம்லின் ஒரு மோதலுக்குப் பின் எழுந்து நின்று, உடனே சாய்ந்தார், இதயம் நின்றுவிட்டது. அணியின் மருத்துவ உதவியாளர்களில் ஒருவரான டென்னி கெல்லிங்டன் ஓடிவந்து மார்பை அழுத்தி உயிர்மூச்சு ஊட்டினார். இரு அணியினரும் மைதானத்தில் முழந்தாளிட்டுப் பிரார்த்தித்தார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டு, பிறகு அடியோடு ரத்து செய்யப்பட்டது. லீக்கின் கணக்குப் புத்தகத்தில் அந்த ஆட்டம் இன்றளவும் இல்லை. ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்க இரண்டாயிரத்தைந்நூறு டாலர் திரட்ட ஹாம்லின் தொடங்கியிருந்த நிதிக்கு, தேசமெங்குமிருந்து எண்பது லட்சம் டாலருக்கும் மேல் வந்து குவிந்தது. அவர் பிழைத்தார், அடுத்த பருவத்தில் மறுபடியும் மைதானத்தில் இறங்கினார். முதலிடமும் ப்ளே-ஆஃப் கணக்கும் எவ்வளவு பெரிய விஷயங்களானாலும், ஓர் உயிருக்கு முன்னால் அவை ஒரு நொடியில் கைவிடத் தக்கவை என்பதை அன்று அந்த மைதானத்திலிருந்த அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். 2025 டிசம்பர் 7-இல் சின்சினாட்டி பஃபலோவுக்கு வரும்போது இரு தரப்பாரின் நெஞ்சிலும் அந்த இரவு இருக்கும்.

கடைசி ஆண்டு

2025-ஆம் ஆண்டுக் கணக்குக்கு இன்னொரு விசேஷமும் சேர்ந்திருக்கிறது. ஆர்ச்சர்ட் பார்க் என்னும் புறநகரில் 1973-இல் திறக்கப்பட்ட பழைய மைதானத்துக்கு இது கடைசிப் பருவம். சாலைக்கு எதிர்ப்புறத்தில் எழும்பிவரும் புதிய மைதானம் 2026-இல் திறக்கப்படும். அதற்காக மாநில அரசும் ஈரி கவுண்டியும் எண்பத்தைந்து கோடி டாலர் அளிக்கின்றன. இவ்வளவு பொதுப்பணத்தைத் தனியார் அணிக்குக் கொடுப்பது நியாயமா என்று அங்கே வாதித்தவர்கள் உண்டு. அவர்களுடைய கேள்வி மதிக்கத் தக்கது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஈரிக் கால்வாயால் 1825 முதல் செழித்து, தானியக் களஞ்சியங்களாலும் எஃகு ஆலைகளாலும் பெருகி, 1950-இல் ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ஜனத்தொகை கொண்டிருந்த நகரம் இது. கப்பல் போக்குவரத்து வேறு வழியில் திரும்பி, ஆலைகளும் மூடப்பட்டபின், 2010-இல் அது இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரமாகச் சுருங்கிற்று. 2020-இல்தான் எழுபது ஆண்டுகளில் முதல் முறையாகச் சிறிது வளர்ந்திருக்கிறது. அணியை நிறுவிய ரால்ஃப் வில்சன் 2014-இல் காலமானபோது, ஆலைகள் போனதைப் போல் இதுவும் வேற்றூருக்குப் போய்விடுமோ என்னும் அச்சம் ஊரைப் பிடித்தது. டெர்ரி பெகுலா, கிம் பெகுலா தம்பதி நூற்று நாற்பது கோடி டாலருக்கு வாங்கி அதை அங்கேயே நிறுத்தினார்கள். எத்தனையோ பேர் வெளியேறிப் போன ஊரில், போகாமல் நின்ற ஒன்று இந்த அணி. தேசமெங்கும் சிதறிக் குடியேறிய பஃபலோக்காரர்களும் அதன் அட்டவணையைப் பார்த்துத்தான் எந்த வாரம் ஊருக்குத் திரும்பலாம் என்று நிச்சயிக்கிறார்கள்.

இனி என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் எட்டு ஆட்டங்களில் ஆறு வெற்றிக்குக் குறையாமல் பெறவேண்டும். நவம்பர் 9 முதல் டிசம்பர் 21 வரையிலான ஏழில் நான்கு பெற்றால் போதும். கடைசி இரண்டும் சொந்த ஊரிலாகையால் இரண்டையும் வெல்லவேண்டும். ஆகப் பன்னிரண்டு வெற்றி நியாயமான எதிர்பார்ப்பு. அது ப்ளே-ஆஃபுக்குத் தாராளமாகப் போதும். முதலிடத்துக்குப் போதுமா என்பது சந்தேகம். பால்டிமோர், கான்சாஸ் சிட்டி, ஃபிலடெல்ஃபியா ஆகிய மூன்று பெரிய எதிராளிகளும் பஃபலோவுக்கே வருவது இவ்வட்டவணையின் மிகப் பெரிய அநுகூலம். அதை முழுவதும் பயன்படுத்திக்கொண்டாலன்றி, ஜனவரியில் மறுபடியும் வேற்றூர் மைதானத்தில் நிற்க நேரிடும்.

விதிமுறை அளித்ததை ஏற்றுக்கொண்டு, தாங்கள் சம்பாதித்த கடினத்தைப் பெருமையாகக் கருதி, தேதிகளின் சூட்சுமத்தை ஆராய்ந்து, யார் கையிலும் இல்லாததற்கு மனத்தில் இடம்விட்டுவைத்துக் கணக்குப் போடுகிறவர்களின் நம்பிக்கை, அறியாமையில் பிறந்ததன்று. ஒவ்வொரு தோல்வியையும் நாளும் நேரமுமாக நினைவில் வைத்துக்கொண்டே போடப்படும் கணக்கு அது. தவறவிட்டவனை அணைக்கவும், எதிராளிக்கு நன்றி சொல்லவும், உயிருக்கு முன்னால் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவும் தெரிந்த ஒரு ஜனசமூகம் சூப்பர் பௌலை வெல்லவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். அந்த வெற்றி 2025-ஆம் ஆண்டுப் பருவத்திலேயே வரக்கூடும் என்பதற்கு, ஆசைக்கு அப்பாற்பட்டு, மேலே சொன்ன பதினேழு ஆட்டங்களிலேயே போதிய ஆதாரமும் இருக்கிறது.